கிளான்சா முன்பக்கம்: புஷ் ஏறியாச்சு, இழுவை பாதி போச்சு

ரர்போ பிடிக்கும்போது ஸ்ரியறிங் வலப்பக்கம் ஓடுகிற வியாதி, முன்சில்லு இழுக்கும் சின்னக் காரான டொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சாவில், புஷ் மாற்றியதும் பாதி அடங்கிவிட்டது. நிலாவெளி றோட்டில் இரண்டாம் கியரில் மிதித்தாலும் இனி மல்லுக்கட்டத் தேவையில்லை.

கியர் பொக்ஸ் இடப்பக்கம். அதனால் சில்லைச் சுழற்றும் ஷாஃப்டில் இடது கட்டை, வலது நெட்டை, சரிவும் வேறு வேறு. இழுவை அதனால் வரும் பிறவிக் குணம். கிழிந்த எஞ்சின் மவுண்டும் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்), ஊறிப்போன லோவர் ஆர்ம் புஷ்ஷும்தான் (சில்லைக் கீழே பிடிக்கும் கையின் ரப்பர் மூட்டு) அதைப் பெருப்பிக்கிறவை. மிதிக்கிற நேரம் சில்லு ஆர்மை முன்னுக்கு இழுக்கும், டோ (சில்லு உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம்) மாறும்.

மவுண்ட் லேசு. புஷ்தான் உயிரை வாங்கும். திருகோணமலை உப்புக்காற்றில் போல்ட்டும் புஷ்ஷின் உள்குழாயும் துருவில் ஒன்றாய் ஒட்டிவிடும். நட் கழன்றாலும் போல்ட் வராது, ரப்பர்தான் முறுகும். நெருப்புக் காட்டினால் பக்கத்து ஷாஃப்டின் ரப்பர் உறையும் உருகும். 1 மி.மீ. தட்டுப் போட்ட கிறைண்டரால் புஷ்ஷுக்கும் பிரக்கற்றுக்கும் இடையில் இரு பக்கமும் அறுப்பதுதான் வழி. புதுப் போல்ட்டின் தலையில் 10.9 என்ற உறுதி எண் அடித்திருக்க வேண்டும், புரியும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். சாதாரண இரும்புக்கடைப் போல்ட் இங்கே ஆகாது. செப்புக் கிறீஸ் தண்டில் மட்டும். புரியில் பட்டால் அதே டோர்க்கில் (இறுக்கும் முறுக்கு விசை) போல்ட் கூடுதலாய் இழுபடும்.

புதுப் புஷ்ஷை ஆர்முக்குள் இறக்கச் சவர்க்காரத் தண்ணி போதும். கிறீஸ் ரப்பரை ஊதவைக்கும். ரப்பரில் பள்ளமுள்ள புஷ் என்றால் பழையதன் திசையை முதலே ஆர்மில் கீறிவைக்கவும்.

கராஜ்களில் அநேகமாகப் பிழைப்பது கடைசி இறுக்கு. ஜக்கில் சில்லு தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகியபடியே நிற்கும், சில மாதத்தில் கிழியும். நாலு சில்லும் பலகைமேல் நின்று பாரம் ஏறிய பிறகே டோர்க் றெஞ்சை எடுக்க வேண்டும். ரப்பருக்குப் பதில் பொலி (பொலியூரித்தேன்) புஷ் போடச் சொல்கிறவர்கள், இரண்டு திசையில் அசைகிற, ஆர்மின் பின் புஷ்ஷில் அது இறுகிப் பிடிப்பதைச் சொல்வதில்லை.

மீதிப் பாதி வீட்டு வேலைக்கு அடங்காது. ஸ்ரியறிங் திரும்பும் அச்சு சில்லின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை நக்கிளை (சில்லைத் தாங்கித் திருப்பும் இரும்புப் பாகம்) வார்க்கும்போதே தீர்மானித்துவிடுகிறார்கள். ET45 ரிம்மைக் கழற்றி ET35 (ET என்பது ரிம்மின் நடுவிலிருந்து பொருந்தும் முகம் தள்ளி நிற்கும் மி.மீ.) போட்டால் அது இன்னும் 10 மி.மீ. கூடும். முன்சில்லு இழுக்கும் சின்னக் காரில் வேகமான வகையைக் கொம்பனியே செய்யவேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். கிளான்சாவின் 135 குதிரைவலுவை யாரும் எடுக்கலாம், நக்கிளை யார் வார்ப்பது? 2009 ஃபோர்ட் ஃபோக்கஸ் ஆர்எஸ் முன்சில்லில் 305 குதிரைவலுவைத் தாங்கியது, அந்த அச்சைச் சில்லின் நடுவுக்கு நெருக்கும் ரெவோநக்கிளாலும், ஒரு சில்லு மட்டும் வீணாய்ச் சுழலாமல் தடுக்கும் எல்எஸ்டி டிஃபரன்ஷியலாலும். 1997 சிவிக் டைப் ஆர் 185 குதிரைவலுதான், ஹோண்டா அதற்கும் ஹெலிக்கல் (சாய்பல்) எல்எஸ்டி கொடுத்தது. ஸ்பொய்லரும் சிவப்புத் தையலும் மட்டும் என்றால் செய்யாமலே விடலாம்.

அடுத்தது எல்எஸ்டி. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கியர் பொக்ஸ் கிடைக்கும். எல்எஸ்டி உள்ளது என்று சொல்வதை நம்பாமல் ஷாஃப்ட் துளையால் பார்த்தே வாங்க வேண்டும். பெயாரிங் ப்ரீலோடுக்கு (முன்கூட்டிய இறுக்கம்) ஷிம் (மெல்லிய தகடு) தேடுவது தனிப் பாடு. அதற்குமுன் டோவை நூல் கட்டிப் பூச்சியத்தில் வைக்க வேண்டும், அது இன்னும் பாக்கி.