கஜாவுக்குப் பிறகு தோப்பைச் சரிசெய்தது

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை பக்கம் தென்னை வைத்திருந்த எல்லோருக்கும் நடந்ததுதான் எங்களுக்கும் நடந்தது. அதற்கப்புறம் தோப்பை எப்படிச் சரிசெய்தோம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் கணக்கெடுப்பு. நிவாரணமாக மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 என்று அரசு அறிவித்தது. சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். கரண்டு இல்லாத ஊரில் ஜெராக்ஸ் கடை ஜெனரேட்டரில் ஓடியது, அங்கேயும் வரிசை. வந்தவர்கள் சாய்ந்ததையும் முறிந்ததையும்தான் எண்ணினார்கள். நின்ற மரங்கள் பலவற்றில் காற்று குருத்தைத் திருகிவிட்டிருந்தது. பார்வைக்குப் பச்சையாக இருந்த அவை சில மாதங்களில் குருத்தழுகிக் கொண்டை சாய்ந்தன. அவை எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. அப்பா முன்பே மரத்துக்கு மரம் பெயின்ட்டில் எண் போட்டுப் போட்டோ எடுக்கச் சொல்லியிருந்தார். அந்த மரங்களுக்குக் காசு கிடைக்கவில்லைதான். ஆனால் கூட்டுப் பட்டாவில் சித்தப்பாவோடு எண்ணிக்கைத் தகராறு வராமல் போனது அந்தப் போட்டோக்களால்.

பணம் வந்ததைவிட மரத்தை அகற்றியதுதான் பெரிய பாடு. காற்று திசை மாறி அடித்ததில் மரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. மேலே கிடப்பதை அறுத்தால்தான் கீழே கிடப்பதை அசைக்க முடியும். ஊர் முழுக்க ஒரே வேலை என்பதால் அறுவை மிஷினுக்கும் ஜேசிபிக்கும் வாடகை ஏறிவிட்டது. கட்டையைச் சும்மா கொடுத்தாலும் ஏற்றிப் போக ஆளில்லை. கடைசியில் கொஞ்சம் செங்கல் சூளைக்குப் போனது, மிச்சத்தை வரப்போரம் குவித்து எரித்தோம்.

காசு மிச்சம் என்று கட்டையை அப்படியே போட்டவர்களும் உண்டு. மட்கும் தென்னங்கட்டைக்குள் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அங்கே பெருகியது பக்கத்துத் தோப்புக்கும் பறந்து வரும். புதிதாக வைத்த தென்னம்பிள்ளையின் குருத்தை அது துளைத்தால், விரிகிற மட்டை கத்தரியால் வெட்டிய விசிறி மாதிரி இருக்கும். கொக்கிக் கம்பியால் வண்டைக் குத்தி எடுத்தோம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து குருத்தடி மட்டை இடுக்கில் போட்டோம். சின்னத் தென்னம்பிள்ளைகளுக்கு அந்துருண்டை. பானையில் ஆமணக்குப் புண்ணாக்கைக் கரைத்து வைத்தால் வாடைக்கு வண்டு வந்து விழும். வைத்துவிட்டு மறந்துவிடாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மறுநடவுக்கு 25 அடி இடைவெளி, மூன்றடிக் குழி. இலவசமாகக் கிடைத்த கன்றுகளில் தூர் மெலிந்தவற்றை ஒதுக்கிவிட்டோம், ஓசியில் வந்ததற்காக நாற்பது வருஷம் அழ முடியாது. வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் சந்தேகம் கேட்பதற்குக் குறைவில்லை. நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷமாகும், நெட்டை குட்டை ஒட்டு கொஞ்சம் முந்தும், ஆனால் தண்ணீரும் உரமும் குறையக் கூடாது. அதனால் தண்ணீர் கிடைக்கும் கரையோரம் ஒட்டு, மேட்டில் நெட்டை.

இடைப்பட்ட வருஷங்களுக்குச் சோறு போட்டது உளுந்தும் கடலையும். நிழலே இல்லாத தோப்பில் இரண்டும் நன்றாகவே வந்தன. வாழை வைக்கலாம் என்றான் தம்பி. இன்னொரு காற்றுக்குத் தாங்காது என்று அம்மா விடவில்லை. தென்னம்பிள்ளைகள் தலைக்குமேல் வளர்ந்த பிறகுதான் சம்மதித்தாள், அதுவும் தோப்பின் நடுவில் இரண்டு வரிசைக்கு மட்டும்.