வீட்டுல ஹாம் டவர் நட்ட அனுபவம்

நான் ஒரு ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோவுல பேசறவன். ரொம்ப காலமா 40 மீட்டர் அலைநீள பேண்டுக்கு ஒரு வயர் டைபோலை (ரெண்டு பக்கமும் கை மாதிரி நீளற ஆன்டெனா) வச்சே ஓட்டிட்டு இருந்தேன். 7.1 மெகாஹெர்ட்ஸ்னா 143ஐ அதால வகுத்தா சுமார் 20 மீட்டர், நடுவுல வெட்டி ரெண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர், கொஞ்சம் கூடவே விட்டுக் கட்டி எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனால இருந்து எவ்வளவு பவர் திரும்பி வருதுனு காட்டற அளவு, கம்மியா இருந்தா நல்லது) பாத்துப் பாத்து நறுக்குனா வேலை முடிஞ்சுது. ஆனா 20 மீட்டர் பேண்டுல தூரத்து ஸ்டேஷன் பேசணும்னு ஆசை வந்தப்புறம் உயரம் இல்லாம ஆகலை. அந்த பேண்டுக்கு அரை வேவ்லெங்த்னா 10 மீட்டர், அந்த உயரமாவது இருந்தாத்தான் சிக்னல் தாழ்வான கோணத்துல கிளம்பி தூரமா போகும், ரொம்பக் கீழ கட்டினா நிறைய செங்குத்தா மேல போயி வீணாகும். அதனால 12 மீட்டர் டவர், மேல மூணு எலிமென்ட் யாகி (ஒரே திசைல குவிச்சு அனுப்பற ஆன்டெனா)னு முடிவு பண்ணேன்.

இடம் பாக்கும்போது நான் முதல்ல பாத்தது கரண்ட் லைன். டவர் எந்தப் பக்கம் சாஞ்சாலும், டவரை இழுத்துக் கட்டற ஒரு ஸ்டே வயர் அறுந்து பறந்தாலும், லைன் மேல படவே கூடாது. ஆன்டெனா கேபிள் கம்மியா ஆகற இடம், ரேடியோ ரூமுக்குப் பக்கத்து இடம் எல்லாத்தையும் இதுக்கு அப்புறம்தான் யோசிச்சேன். உங்க ஊர்ல எவ்வளவு உயரம் வரைக்கும் அனுமதி, யார்கிட்ட கேக்கணும்னு குழி வெட்டறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் முன்னாடியே பேசிடுங்க, அவங்க டிவில கோடு வந்தா உங்ககிட்ட நேரா வந்து சொல்ற உறவு வேணும்.

அஸ்திவாரத்துக்கு டவர் தயாரிப்பாளர் குடுத்த டிராயிங்ல என்ன அளவோ அதையே வெட்டுனோம். கம்பி கட்டி, டவரோட அடிப் பகுதியையே அச்சு மாதிரி நிறுத்தி வச்சு போல்ட் எல்லாம் அசையாம கான்கிரீட் போட்டோம், இல்லன்னா அப்புறம் ஓட்டை ஒண்ணோடொண்ணு சேராது. கான்கிரீட் ஒரு வாரத்துலயே கெட்டியாத்தான் தெரியும், ஆனா அதோட பலத்தை கணக்கு பண்றதே 28 நாளைக்கு, அது வரைக்கும் நனைச்சுக்கிட்டே காத்திருந்தேன். ரிக் (ரேடியோ செட்) புதுசா வாங்கி மேசைல வச்சுக்கிட்டு காத்திருக்கறது கஷ்டம்தான், ஆனா அந்தக் காத்திருப்பு மேலதான் மொத்த டவரும் நிக்குது.

ஸ்டே வயர்தான் எனக்கு அதிக நேரம் பிடிச்ச வேலை, அதை அவசரமா செய்யறவங்களைப் பாத்தா இப்பவும் பயமா இருக்கு. மூணு பக்கம், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 120 டிகிரி, வயரை மண்ணுல பிடிக்கற ஆங்கர் டவர் உயரத்துல ஒரு 80 சதவீத தூரத்துல. அடிவாரத்துக்குப் பக்கத்துலயே ஆங்கர் போட்டா வயர் பக்கவாட்டுல பிடிக்காம டவரை கீழ்நோக்கித்தான் அழுத்தும். வயரை அங்கங்க துண்டாக்கி நடுவுல கரண்ட் கடத்தாத முட்டை இன்சுலேட்டர் போட்டேன், இல்லன்னா அந்த வயரே நாம பேசற பேண்டுல ரெசனன்ஸ் ஆகி யாகி சிக்னலை அனுப்பற திசையைக் கெடுக்கும். வயர் நுனியை மடக்கிப் பிடிக்க கிளாம்ப் போடறப்ப அதோட அடிக்கட்டை சுமை தாங்கற வயர் மேலயும், யூ போல்ட் மடக்கி விட்ட வால் மேலயும் இருக்கணும், மாத்திப் போட்டா சுமை தாங்கற வயரையே நசுக்கிடும். வயர்ல இழுவையை, அது அறுபடும் பலத்துல 10 சதவீதம் கிட்ட வச்சோம், மூணு பக்கமும் ஒரே அளவு. ஒருத்தர் தள்ளி நின்னு தூக்குக்குண்டு நூலை கண்ணுக்கு நேரா பிடிச்சு டவரோட ஓரத்தோட ஒட்டிப் பாக்க, நான் வயரை இறுக்கற டர்ன்பக்கிளை கால் சுத்து, அரை சுத்துனு திருப்பினேன், அப்புறம் 90 டிகிரி தள்ளிப் போயி மறுபடி அதே மாதிரி. நேரா வந்ததும் டர்ன்பக்கிள் தானா கழலாம இருக்க உள்ள ஒரு கம்பி கோத்துக் கட்டிட்டேன். காத்தோட அழுத்தம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும்ங்கிறதை மறக்கக்கூடாது, 80 கிலோமீட்டர் வேகம் 120 ஆனா அழுத்தம் 2.25 மடங்கு.

மேல ஏற ஃபுல் பாடி ஹார்னஸ், அதை டவர்ல மாட்டற கயிறு, அதாவது லேன்யார்டு, ரெண்டு. ஒண்ணைக் கழட்டறதுக்கு முன்னாடி இன்னொண்ணு மாட்டியிருக்கணும். யாரும் கீழ இருந்து டிரான்ஸ்மிட் பண்ணிடாம இருக்க ரிக்கோட பவர் கேபிளைக் கழட்டி என் பையில போட்டுக்கிட்டேன். கீழ நிக்கறவங்களுக்கு ஹெல்மெட், நேர் அடியில யாரும் நிக்கக்கூடாது, ஒரு சின்ன ஸ்பேனர் விழுந்தாலே போதும். யாகி ஏத்துனது ஒரு காலை நேரத்துல சட்டுனு முடிஞ்சுது.

அப்புறம் ஒரு மழைக்காலம் முடிஞ்சு சிக்னல் ரிப்போர்ட் மெதுவா இறங்க ஆரம்பிச்சுது, ஆனா மீட்டர்ல எஸ்டபிள்யூஆர் முன்னைவிட நல்லா காட்டுச்சு! இது நிறைய பேரை ஏமாத்தற இடம். கேபிள்ல தண்ணி புகுந்தா போற பவரையும் அது தின்னும், திரும்பி வர்ற பவரையும் தின்னும், மீட்டருக்கு ஒண்ணும் திரும்பி வராததால எல்லாம் நல்லா இருக்கற மாதிரி காட்டும். மேல போயி ஆன்டெனாவைக் கழட்டி கேபிள் நுனியைத் திறந்து விட்டேன், நல்ல கேபிள்னா அப்ப எஸ்டபிள்யூஆர் எக்கச்சக்கமா ஏறணும், எனக்கு 3தான் வந்துச்சு. அப்படின்னா ஒரு வழிக்கு 3 டெசிபல் இழப்பு, பாதி பவர் கேபிள்லயே போயிடுச்சு. கனெக்டரை அறுத்துப் பாத்தா வெயில்ல டேப் விரிசல் விட்டிருக்கு, உள்ள பின்னல் கம்பி பளபளப்பே இல்லாம கறுத்து, விரல்ல பச்சையா பொடி ஒட்டுது, அறுக்க அறுக்க ஒரு நீளத்துக்கு அதே கறுப்பு. மொத்த கேபிளையும் மாத்துனேன். கேபிள் நுனில போடற பிஎல்-259 கனெக்டர் தானா தண்ணியைத் தடுக்காது. இப்ப ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கற ரப்பர் டேப்பை இழுத்துச் சுத்தி, அது மேல வெயில் தாங்கற பிவிசி டேப், கடைசி சுத்து கீழ இருந்து மேல, ஓடு வேஞ்ச மாதிரி தண்ணி வழிஞ்சு போகும். கேபிள் வீட்டுக்குள்ள நுழையற இடத்துக்கு முன்னாடி கீழ தொங்கற மாதிரி ஒரு வளைவு விட்டா சொட்டு அங்கேயே விழுந்துடும்.

எர்த் விஷயத்துல பலர் டவருக்குத் தனி ராடு அடிச்சா போதும்னு நினைக்கறாங்க, அது ஆபத்து. டவர் ராடு, கேபிள் உள்ள வர்ற இடத்து அரெஸ்டர் (மின்னலை எர்த்துக்குத் திருப்பற கருவி), வீட்டு மெயின் எர்த் எல்லாம் ஒண்ணோடொண்ணு தடிமனான கம்பியால சேந்திருக்கணும். தனித்தனியா விட்டா இடி விழற நேரத்துல ரெண்டு எர்த்துக்கும் நடுவுல வர்ற வோல்டேஜ் உங்க ரிக் வழியாத்தான் பாயும். எர்த் கம்பியை திடீர்னு மடக்காம அகலமா வளைச்சு விடுங்க. செம்பை நேரா கால்வனைஸ் இரும்பு மேல வச்சா ஈரத்துல துத்தநாகம் அரிச்சுப் போயிடும், நடுவுல ஸ்டெயின்லெஸ் தகடு வைக்கணும். இதெல்லாம் இருந்தாலும் மேகம் கட்டுனா நான் கேபிளைக் கழட்டி வெளிய போட்டுடுவேன், இடி ஆரம்பிச்சப்புறம் கிட்டயே போறதில்ல.

இப்ப வருஷத்துக்கு ரெண்டு தடவை, மழைக்கு முன்னாடியும் பின்னாடியும், எல்லா நட்டும் ஸ்பேனர் போட்டுப் பாக்கறேன், ஸ்டே வயர்ல ஒரு இழை பிஞ்சிருந்தாலும் அந்த வயரையே மாத்திடறேன், திறந்த நுனி டெஸ்ட்டும் எடுத்து முந்தின அளவோட நோட்டுல ஒப்பிடறேன். அடுத்த தடவை ஏறும்போது யாகியைத் திருப்பற ரொட்டேட்டர் பக்கத்துல கேபிள் வளைஞ்சு வளைஞ்சு தேயற இடத்தை மாத்தணும், அதுக்கு மட்டும் நல்லா வளையற கேபிள் ஒரு துண்டு வாங்கி வச்சிருக்கேன்.