ஆம்ஸ்டர்டாமில் வீடு கிடைத்த ராஜா

"தினமும் சமைப்பீர்களா?"

சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்த பிறகு ஆம்ஸ்டர்டாம் வீட்டுக்காரர் கேட்டது இது. தினமும் சமைக்காமல் என்ன செய்வார்களாம்? தாளிக்கிற வாசனை சுவரில் ஏறிவிடும் என்று கவலைப்பட்டார். அப்புறம், வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாக ஒரு மின்னஞ்சல் வந்தது.

அந்த எரிச்சலோடு, மழைக்கு ஒதுங்குகிற சாக்கில், முன்பு நகரசபையாக இருந்த டாம் சதுக்கத்து அரண்மனைக்குள் டிக்கெட் வாங்கி நுழைந்தேன். இந்த ஊருக்கு வந்த அந்நியர்களில் ஒருவருக்கு மட்டும் அந்த நகரசபைக் கட்டடமே வீடாகக் கிடைத்த கதை அங்கேதான் தெரிந்தது.

அவர் லூயி போனபார்ட், நெப்போலியனின் தம்பி. 1795இல் பிரெஞ்சுப் படை நுழைந்ததிலிருந்தே இந்த நாடு பாரிஸ் சொன்னபடிதான் ஆடிக்கொண்டிருந்தது. 1806 ஜூனில் அண்ணன் 'ஹாலந்து ராஜ்ய'த்தை உண்டாக்கித் தம்பியை அனுப்பிவைத்தார். இரண்டு நூற்றாண்டு குடியரசாக இருந்த வியாபாரிகளுக்கு முதல் ராஜாவே இறக்குமதி! வந்தவர் பெயரை லோடவைக் என்று மாற்றிக்கொண்டார். டச்சு கற்க பில்டர்டைக் என்ற கவிஞரை வாத்தியாராக வைத்துக்கொண்டார். வேலை முடிந்து தூக்கக் கலக்கத்தில் டச்சு வகுப்புக்கு ஓடுகிற எனக்குப் பொறாமையாக இருந்தது.

வீடுதான் அவருக்கும் சரியாக அமையவில்லை. மூட்டு வலிக்காரர், இந்த ஊர் ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை. ஹேக்கில் இருந்தார், உட்ரெக்ட் போனார் (அங்கே அவர் இருந்த இடம் இன்று பல்கலைக்கழக நூலகம்), 1808இல் ஆம்ஸ்டர்டாம் வந்தார். 13,659 மரத்தூண்களின் மேல் நிற்கிற கட்டடம் இது. வருஷத்து நாட்களுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்பது போட்டால் கணக்கு வந்துவிடும் என்று இங்கே பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அதன் பளிங்குத் தரையில் கம்பளம் விரித்து, நடைக்கூடங்களை மரத் தடுப்புகளால் அறைகளாக்கிக் குடியேறினார். எதிரே சரக்கு நிறுக்கும் பழைய கட்டடம் பார்வையை மறைக்கிறது என்று அதையும் இடிக்கச் சொல்லிவிட்டார். நான் என் வாடகை வீட்டில் ஒரு ஆணி அடிக்க எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு வேற்றுமொழி ராஜா புதிதில்லை. அதே வருஷங்களில் எங்கள் ஊரில் மராட்டிய ராஜா சரபோஜி. அதிகாரம் கும்பினியாரிடம், ராஜாவுக்குக் கோட்டையும் சரஸ்வதி மகால் புத்தகங்களும். லூயியும் 1808இல் இந்த அரண்மனைக்குள்ளேயே ஒரு அருங்காட்சியகம் வைத்தார். இன்றைய தேசிய அருங்காட்சியகமான ரைக்ஸ்மியூசியத்தின் முன்னோடி அது. ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியம் அதில்தான் இருந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்தபோது தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. பள்ளி விடுமுறையில் சரஸ்வதி மகாலுக்குக் கூட்டிப் போவார். ஓலைச்சுவடியை விட, வெளியே வந்ததும் கிடைக்கிற நன்னாரி சர்பத்தில்தான் என் கண் இருக்கும். நான் இங்கே நன்றாகவே பழகிவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

லூயியும் உண்மையிலேயே பழகிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. 1807 ஜனவரி 12 அன்று லைடன் நகரின் நடுவே வெடிமருந்துப் படகு வெடித்துச் சுமார் 150 பேர் இறந்தார்கள். ராஜா நேரில் வந்து மீட்பு வேலையில் நின்றார். 1809 வெள்ளத்திலும் அப்படியே. ஆனால் அண்ணன் அனுப்பியது இதற்கில்லை. பிரிட்டனோடு வியாபாரத்தை அடைக்க வேண்டும், ஆளும் பணமும் தர வேண்டும். துறைமுகத்தை மூடினால் ஜனங்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று தம்பி கள்ளக்கடத்தலைக் கண்டும் காணாமல் விட்டார். அண்ணன் தெற்குப் பகுதிகளைப் பிடுங்கிக்கொண்டார், படையை அனுப்பினார். 1810 ஜூலை 1 அன்று ஹார்லெம் மாளிகையில் முடியைத் துறந்து லூயி ஆஸ்திரியா பக்கம் போய்விட்டார். சில நாட்களில் நாடே பிரான்சோடு சேர்க்கப்பட்டது. சாமான்கள் மட்டும் அப்படியே நின்றன. நாற்காலியும் கடிகாரமும் இன்றும் அரண்மனையில் இருக்கின்றன. நகரசபை அங்கே திரும்பிக் குடிபோகவே இல்லை. அவர் வைத்த பால்கனியில்தான் 2013இல் வில்லெம் அலெக்சாண்டர் பட்டத்துக்கு வந்ததும் நின்று கையசைத்தார்.

எனக்குக் கடைசியில் ஹார்லெமில் வீடு கிடைத்தது. இந்த வீட்டுக்காரர் சமையலைப் பற்றிக் கேட்கவில்லை, சைக்கிளை எங்கே நிறுத்துவேன் என்று மட்டும் கேட்டார். சின்னதாக ஒரு பால்கனியும் உண்டு. ஜூலையில் வெயிலைப் பார்த்து ஏமாந்து வடாம் பிழிந்து வைத்தேன், சாயங்காலமே மழை. அம்மாவிடம் சொன்னால், "அந்த ராஜாவுக்கே ஊர் ஒத்துக்கலேன்னு நீதானே சொன்னே, உனக்கு எதுக்கு வடாம்?" என்கிறாள்.