கோப்பு வெளியே போயிருக்கும் நாட்கள்

செப்டம்பர் 4
பதவி உயர்வுக் கோப்பு வெளி மதிப்பீட்டாளர்களுக்குச் சென்றுவிட்டது. அவர்கள் யார் என்பதை எனக்குச் சொல்ல மாட்டார்கள்.

செப்டம்பர் 9
இணையத்துக்கென்றே நான் உருவாக்கிய, பக்க எண்ணே இல்லாத கட்டுரையை எப்படி மதிப்பிடுவது என்று துறைக் குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார். கைரோஸ் ஆய்விதழ் 1996 முதல் இணையத்துக்கென்றே உருவான கட்டுரைகளை வெளியிட்டுவருகிறது. எண்ணிமப் படைப்பை அது உருவான ஊடகத்திலேயே பார்த்து மதிப்பிட வேண்டும் என்று அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கத்தின் (எம்.எல்.ஏ.) வழிகாட்டுதலும் சொல்கிறது. இன்னும் இந்தக் கேள்வி எழுவது என்னைக் கோபப்படுத்துகிறது.

செப்டம்பர் 17
திறந்து பார்ப்பார்களா?

செப்டம்பர் 23
பேச்சுக்கலையில் மிக முக்கியமானது எது என்று கேட்டபோது கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் மூன்று முறையும் 'வெளிப்பாடு' (குரலாலும் உடலசைவாலும் பேசிக் காட்டுவது) என்றே பதில் சொன்னதாக ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதியிருக்கிறார். கருத்தைக் கண்டடைதல், ஒழுங்கமைத்தல், நடை, நினைவு, வெளிப்பாடு என்று ரோமானியர் வகுத்த ஐந்து கூறுகளில் கடைசி இரண்டையும் அச்சுக் காலத்துப் பாடநூல்கள் ஏறக்குறைய கைவிட்டுவிட்டன. அவை கணினித் திரையில் மீண்டும் உயிர்பெற்றுவிட்டன என்பதைத்தான் இத்தனை ஆண்டுகளாக எழுதியும் கற்பித்தும் வருகிறேன். அந்த வாதத்தை வாசகர் தம் கையாலேயே உணர வேண்டும் என்றுதான் கட்டுரையை, இணையத்தில் அசைவும் ஒலியும் சேர்க்கப் பயன்பட்ட ஃப்ளாஷ் என்னும் மென்பொருளில் அமைத்தேன்: சுட்டி ஒரு வாக்கியத்தைத் தொட்டதும் அதே வாக்கியம் குரலாக எழும், சுட்டி விலகினால் பாதிச் சொல்லில் அறுந்துவிடும். அடோபி 2020 டிசம்பர் 31 அன்று ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்தியது. நினைவைப் பற்றிய கட்டுரையை இன்று எந்த உலாவியும் நேரடியாகத் திறப்பதில்லை.

செப்டம்பர் 24
நேற்று எழுதியதைப் படித்தேன். ஒரு சொல்லையும் மாற்றத் தோன்றவில்லை.

அக்டோபர் 11
நல்ல நாள். கணினி விளையாட்டு ஆய்வாளர் இயன் போகோஸ்ட் 2007-இல் முன்வைத்த செயல்முறைச் சொல்லாட்சியை, அதாவது விளையாட்டின் விதிகளே ஒரு வாதமாக இயங்கும் என்ற கருத்தை, வகுப்பில் எடுத்தேன். ஒரு மாணவி ஒரே ஒரு விதியை மாற்றிக் காட்டியதும் அந்த விளையாட்டு நேர்மாறான கருத்தைச் சொல்லத் தொடங்கியது. வகுப்பே சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

அக்டோபர் 20
பழைய ஃப்ளாஷ் கோப்புகளை இயக்கும் ரஃபிள் என்னும் மென்பொருளில் கட்டுரை திறந்துவிட்டது! ஆனால் குரல் சற்றுப் பிந்தி எழுகிறது. சுட்டி அடுத்த வாக்கியத்துக்குப் போன பிறகு முந்தைய வாக்கியம் பேசுகிறது. இந்த நிலையில் பார்ப்பவருக்கு என் வாதமே பிழையாகத் தெரியும்.

அக்டோபர் 29
மதிப்பீட்டாளர் ஒருவர் கட்டுரையைப் பிடிஎஃப் வடிவில் கேட்கிறாராம். திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். திரைப் பதிவாக அனுப்பினால் குரல் கேட்கும், ஆனால் சுட்டி என் கையில்தான் இருக்கும். மூல நிரலைப் பிரித்து, குரல் பகுதியை மட்டும் ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக எழுதினால்