ஸ்டோமா பை ஒழுகினால் முதலில் ஓட்டையை அளந்து பாருங்கள்

மலம் வெளியேற ஆபரேஷன் செய்து வயிற்றில் திறந்துவிட்ட குடல் வாய்தான் ஸ்டோமா, அதன்மேல் ஒட்டிய பையில் கழிவு சேரும். ஸ்டோமாவில் வலி தெரியாது. தொடுவதை உணரும் நரம்பே அங்கே இல்லை. துடைக்கும்போது லேசாக ரத்தம் கசிவதும் இயல்புதான். ஸ்டோமா வைத்தவர்களை வீட்டுக்குள்ளேயே முடக்கிப் போடுவது வலி அல்ல, நாலு பேர் நடுவில் பை ஒழுகிவிடுமோ என்கிற பயம்தான்.

ஒழுகத் தொடங்கியதும் பலர் மேலே டேப்பை ஒட்டிவிடுகிறார்கள். இதைவிட மோசமான வைத்தியம் இல்லை. வெளியே வர வேண்டியது பிளேட்டுக்கு (பையைத் தோலில் பிடித்துவைக்கும், நடுவில் ஸ்டோமாவுக்கு ஓட்டை வெட்டிய பசைத் தகடு) அடியில் தேங்கி நிற்கும். இலியோஸ்டமியாக (சிறுகுடலில் திறந்த ஸ்டோமா) இருந்தால் அதில் செரிமான நொதிகள் இருப்பதால் சில மணி நேரத்திலேயே தோல் வெந்துபோகும். வெந்த தோலில் ஈரம் கசியும், ஈரத்தில் அடுத்த பிளேட்டும் ஒட்டாது.

பிளேட்டைக் கழற்றியதும் தூக்கிப் போட்டுவிடாமல் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். பசை எந்தப் பக்கம் ஊறிக் கரைந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் ஒழுகல் கிளம்பியிருக்கிறது. சுற்றிலும் சமமாகக் கரைந்திருந்தால், பெரும்பாலும் ஓட்டை பெரிதாக வெட்டப்பட்டிருக்கும் அல்லது பிளேட்டை மாற்றாமல் நாள் கடத்தியிருப்பீர்கள். ஆபரேஷன் முடிந்த முதல் 6 முதல் 8 வாரத்தில் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். மருத்துவமனையில் வெட்டிக் கொடுத்த அளவையே பிடித்துக்கொண்டிருந்தால் நடுவில் தோல் திறந்து கிடக்கும். வாரம் ஒருமுறை அளந்து, ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். இறுக்கமாக வெட்டினால் விளிம்பு ஸ்டோமாவை அறுக்கும்.

ஒரே பக்கம் மட்டும் கரைந்திருந்தால் அங்கே ஒரு மடிப்பு இருக்கும். படுத்திருக்கும்போது அது தெரியாது. உட்கார்ந்து, கண்ணாடியில் பாருங்கள். மடிப்பை ஸ்டோமா பேஸ்ட்டோ ரிங்கோ வைத்து நிரப்ப வேண்டும். ஸ்டோமாவே தோலுக்குள் அமுங்கியிருந்தால் தட்டையான பிளேட் உதவாது. நடுவில் குவிந்த கன்வெக்ஸ் பிளேட் வேண்டும். இதை மட்டும் ஸ்டோமா நர்ஸிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

தோலைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீர் போதும். எண்ணெய்ப்பசை உள்ள சோப்பும் குழந்தைகளுக்கான ஈரத் துடைப்பானும் ஒட்டுதலைக் கெடுக்கும். புண்ணான இடத்தில் ஸ்டோமா பவுடர் தூவி, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். பவுடர்மேல் பசை பிடிக்காது. மாற்றுவதற்குத் தோதான நேரம் காலையில் சாப்பிடும் முன். அப்போது வெளியேற்றம் குறைவு. ஒட்டியபின் சில நிமிடம் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். சூட்டில்தான் பசை இளகிப் பிடிக்கும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே பையைக் காலி செய்யுங்கள். நிறைந்த பையின் கனம் பிளேட்டைக் கீழே இழுக்கும்.

இலியோஸ்டமிக்காரர்களுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு, அது உடம்பு உப்பை இழப்பது. ஒரு நாளில் பையில் 1.5 லிட்டருக்கு மேல் போனால், தாகம் என்று வெறும் தண்ணீரைக் குடித்துத் தள்ளக் கூடாது. வெறும் தண்ணீர் குடலுக்குள் இன்னும் உப்பை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடும். 1 லிட்டர் தண்ணீரில் குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் கலந்து, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். இதய, சிறுநீரக நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். கெண்டைக்கால் பிடிப்பு, தலைசுற்றல், சிறுநீர் குறைந்து கருமஞ்சளாகப் போவது எல்லாம் உப்பும் நீரும் குறைவதைத்தான் சொல்கின்றன.

ஸ்டோமாவைச் சுற்றி வயிறு புடைத்தால் குடலிறக்கமாக இருக்கலாம். அதற்கான பெல்ட்டைப் படுத்தபடியே கட்ட வேண்டும். நின்றுகொண்டு கட்டினால் புடைப்பையும் சேர்த்து இறுக்கிவிடும்.

ஸ்டோமா கருஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ மாறினால் காத்திருக்காதீர்கள். பல மணி நேரமாக எதுவும் வராமல் வயிறு முறுக்கி, வாந்தியும் வந்தாலும் அப்படித்தான். அப்போது மலமிளக்கி போட்டுப் பார்க்கும் வேலையே வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

விழுங்கிய மாத்திரை பையில் முழுசாகக் கிடந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் குறுகிய குடலில் கரைய நேரமில்லாமல் அப்படியே வந்துவிடும், மருந்து மாற்ற வேண்டியிருக்கும்.