அப்பாவின் மொறிஸ் மைனருக்கு செற் பூட்டியது

பழைய மொறிஸ் மைனருக்கு இந்தக் காலத்து புளூடூத் பாட்டுச் செற் பூட்ட நினைப்பவர்கள், முதலில் பொனற்றைத் திறந்து பற்றறியைப் பாருங்கள். எந்த முனையின் வயர் பொடியில் பூட்டியிருக்கிறது? எங்கள் காரில் பிளஸ். அந்தக் கார்கள் அப்படித்தான் வந்தன. இப்போதைய செற்றுக்கோ வெளித்தகடே மைனஸ். கொண்டுபோய் பொடியில் முறுக்கினால் அந்த இடத்திலேயே சோர்ட்.

விசுவமடுவிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போய்வரும்போது பாட்டுக் கேட்க வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றறி வராதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர் அவர். அதனால் இந்த வேலையை நானே கவனமாகச் செய்ய விரும்பினேன்.

எர்த்தை, அதாவது பொடியில் பூட்டும் முனையை, மாற்றுவது பயப்படும் வேலை இல்லை. பற்றறியைத் திருப்பி மைனஸைப் பொடிக்குக் கொடுத்தேன். பிளஸ் முனை கொஞ்சம் தடிப்பு என்பதால் பழைய கிளிப்புகள் பொருந்தவில்லை, புதிது வாங்க வேண்டியிருந்தது. எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் கொயிலின் இரண்டு சிறு வயர்களையும் இடம் மாற்றினேன். மாற்றாவிட்டாலும் எஞ்சின் ஓடும், ஆனால் பொறி பலம் குறையும். கடைசியாக, பற்றறியைச் சார்ஜ் பண்ணும் காரின் டைனமோ. அதன் இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு, பற்றறியின் பிளஸிலிருந்து ஒரு வயர் எடுத்து டைனமோவின் எஃப் (F) என்று குறித்த முனையில் இரண்டு மூன்று தரம் தொட்டு எடுக்க வேண்டும். சின்னப் பொறி பறக்கும். அப்போதுதான் அது புதிய திசையில் சார்ஜ் பண்ணும். இதைச் செய்யாமல் எஞ்சினை இயக்கவே கூடாது. ஸ்ராட்டரும் லைற்றுகளும் எந்தப் பக்கமென்றாலும் வேலை செய்யும்.

செற்றின் மஞ்சள் வயர் எப்போதும் கரண்ட் இருக்க வேண்டியது. அதை 10 அம்பியர் பியூஸ் வைத்து நேரே பற்றறிக்கு இழுத்தேன். பியூஸ் பற்றறிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். வழியில் வயர் உரசிப் பிய்ந்தால் காப்பாற்றப்போவது அதுதான். கறுப்பும் நேரே பற்றறியின் மைனஸுக்கே போனது, கறள் பிடித்த பொடியை நான் நம்பவில்லை. செற்றை ஓன் பண்ணும் சிவப்பு வயரை எல்லோரும் இக்னிஷனில் கொடுக்கச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எஞ்சின் நின்றிருக்க, பாட்டுக்காகத் திறப்பைப் போட்டு வைத்தால் கொயில் சூடாகும். அதனால் மஞ்சளிலிருந்து, பியூஸுக்குப் பிறகு ஒரு கிளை எடுத்து, தனிச் சுவிச்சு வழியாகச் சிவப்புக்குக் கொடுத்தேன்.

ஸ்பீக்கர் வயர்களில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது. கறுப்புக் கோடு போட்டவை மைனஸ்தான், ஆனாலும் அவற்றைப் பொடியில் கொடுத்தால் செற் எரிந்துவிடும். நாலு வயரும் ஸ்பீக்கருக்கே போக வேண்டும். முறுக்கி ரேப் சுற்றவில்லை, ஈயம் பிடித்தேன். எங்கள் வெயிலுக்கு ரேப் பசை இளகிவிடும், செம்மண் புழுதி உள்ளே போய்விடும்.

டாஷ்போர்டில் இடமில்லை. தகரத்தை வெட்ட மனம் வரவில்லை. தேக்குப் பலகையில் ஒரு பெட்டி அடித்துக் கீழ்த்தட்டில் பொருத்தினேன்.

ஓடவிட்டதும் பாட்டோடு சேர்ந்து ஒரு கீச்சொலி, அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்கக் கூடியது. டைனமோவின் மற்ற முனையான டி (D) முனைக்கும் பொடிக்கும் இடையில் 1 மைக்ரோபரட் கொண்டென்சர் போட்டதும் அடங்கிவிட்டது. எஃப் முனையில் மட்டும் அதைப் போடாதீர்கள். அம்பிளிபையரும் வேண்டாம். டைனமோ தருவதே கிட்டத்தட்ட 20 அம்பியர்தான், இரவில் லைற்றுக்கே நல்ல பங்கு போய்விடும்.

பொனற்றின் உள்பக்கம் 'மைனஸ் எர்த்' என்று பெயின்றால் பெரிதாக எழுதியிருக்கிறேன். நாளைக்கு யாராவது பழைய நினைப்பில் பற்றறியைத் திருப்பிப் பூட்டிவிடக் கூடாது.