பிலே தீவில் அக்காவும் தங்கையும்

அம்மா இருந்தவரை நிறைவேறாமல் போன வேண்டுதல், இந்த மாசி மாதத்தில் சித்தியின் துணையோடு எகிப்தின் அஸ்வான் நகரில் நிறைவேறியது. அம்மாவும் சித்தியும் உடன்பிறந்தவர்கள். அப்பாவையும் அவருடைய தம்பியையும் மணந்துகொண்டு ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள். பாகப்பிரிவினையில் சித்தப்பா அண்ணனை ஏமாற்றியபோது, கணவரின் கோபத்தையும் பொருட்படுத்தாமல் அக்காவின் பக்கம் வந்து நின்றவர் சித்தி. பழைய எகிப்தியர் வணங்கிய அக்கா தங்கை தெய்வங்களான ஐசிஸ், நெப்திஸ் இருவரின் வரலாற்றை அம்மா கேள்விப்பட்ட நாள்முதல், அந்தத் தேவியரின் சன்னதியை ஒருமுறை மிதித்துவிட வேண்டும் என்று சொல்லாத நாளில்லை.

ஐசிஸின் பிலே கோயிலுக்குப் படகில்தான் போக வேண்டும். ஷெல்லால் படகுத்துறையில் பேசி முடித்த கூலி நடு ஆற்றில் இருமடங்கானது. மணிமாலை விற்பவர்களோ சித்தியை நடக்கவே விடவில்லை. என் எரிச்சலைத் தணித்தது தேவியின் கதைதான். தேவர்கள் வழக்கு விசாரித்த தீவுக்கு ஐசிஸை ஏற்றி வரக்கூடாது என்று கட்டளை பெற்றிருந்த ஓடக்காரன் நெம்டி, கிழவி வேடத்தில் வந்தவள் நீட்டிய அப்பத்தை வேண்டாமென்று தள்ளிவிட்டு, தங்க மோதிரத்தை வாங்கிக்கொண்ட பிறகே அவளை அக்கரை சேர்த்தான். அன்னைக்கே அந்தப் பாடு என்றால் நாம் எம்மாத்திரம்!

அணைகள் கட்டப்பட்டதால் பழைய தீவு நீரில் மூழ்கிவிட, 1972 முதல் 1980 வரை கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து அருகிலுள்ள அகில்கியா தீவில் மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். இடம் பெயர்ந்தாலும் சாந்நித்தியம் குறையவில்லை என்றே எனக்குப் பட்டது. சுற்றுலாக் கூட்டத்தின் இரைச்சல் மட்டும் தாங்க முடியவில்லை. கருவறை வாசலை மறித்து நின்று படமெடுத்துக்கொள்கிறவர்களுக்கு, ஆறாம் நூற்றாண்டுவரை பூசை நடந்த இடம் இது என்ற நினைவே இல்லை. உள்ளே திருவுருவம் கிடையாது. அம்பாளின் திருவோடம் வீற்றிருந்த கல்பீடம் மட்டுமே இருக்கிறது. பிற்காலத்தவர் பல தெய்வ உருவங்களின் முகங்களைக் கொத்திவிட்டு, சுவர்களில் சிலுவைகளையும் செதுக்கியிருக்கிறார்கள். வெறும் பீடத்தின் முன்தான் கைகூப்பினோம். இருந்தும் கண்ணீர் நிற்கவில்லை.

மேல்தளத்தில் இருக்கும், ஐசிஸின் கணவன் ஒசைரிஸின் அறைக்குச் செல்லும் படிகளில் சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். அங்கே, கட்டிலில் கிடக்கும் ஒசைரிஸுக்காக அக்காவும் தங்கையும் துக்கம் காக்கும் காட்சி சுவரில் செதுக்கப்பட்டிருக்கிறது. அண்ணன் ஒசைரிஸைப் பெட்டிக்குள் படுக்கவைத்து மூடி, நைலில் விட்ட சேத், பின்பு அவன் உடலைப் பதினான்கு துண்டுகளாக்கி நாடெங்கும் வீசினான். அந்தச் சேத்தின் மனைவிதான் நெப்திஸ். கணவன் செய்த பாவத்துக்குத் துணைபோகாமல் அக்காவோடு சேர்ந்து அழுதாள், தேடினாள், இறந்தவனுக்குக் காவலும் இருந்தாள். சித்தி அந்தச் சிற்பத்தின் முன்னால் வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அக்கா இதைப் பார்க்காமப் போயிட்டாளே!" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

அண்ணனைக் கொன்றவனை ஐசிஸ் என்ன செய்தாள் என்று அவர் கேட்டதால், அங்கேயே அமர்ந்து சொன்னேன். ஐசிஸின் மகன் ஹோரஸும் சேத்தும் நீர்யானை வடிவெடுத்து நீருக்குள் போரிட்டபோது, மகனைக் காக்க அவள் எறிந்த ஈட்டி சேத்தின் உடலில் பாய்ந்தது. "நான் உன் கூடப்பிறந்தவன் அல்லவா?" என்று அவன் கதறியதும், தாலியைப் பறித்தவன் என்பதையும் மறந்து ஈட்டியை விடுவித்துவிட்டாள். அதைப் பொறுக்காத ஹோரஸ் தாயின் தலையையே வெட்டினான் என்று பழைய ஏடு சொல்கிறது. தேவர்கள் அவளை மீட்டார்கள் என்பது வேறு. மகனுக்கும் தாயாக வேண்டும், துரோகிக்கும் உடன்பிறந்தவளாக வேண்டும் என்று நடுவில் நின்று வெட்டுப்பட்டவளை வணங்காமல் வேறு யாரை வணங்குவது? தாயே, எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். எங்களை இவ்வளவு தூரம் அழைத்து வந்து உன் முன் நிறுத்தினாயே, அதற்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்வோம்!

ஒசைரிஸ் உறங்கும் பிகே தீவு பக்கத்திலேயே இருக்கிறது. பத்து நாட்களுக்கு ஒருமுறை ஐசிஸ் அங்கே எழுந்தருளி, கணவனுக்குப் பால் வார்ப்பது அக்கால வழக்கம். எங்களுக்குப் பால் வார்க்கும் பேறு இல்லாததால், ஆற்று நீரையே கையில் அள்ளி விட்டுவிட்டு, அம்மா, அப்பா பெயர்களைச் சொல்லி வேண்டிக்கொண்டேன். சித்தி என் கையைப் பற்றி, சித்தப்பாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.